ஈறும் சர்க்கரையும் என் மானமும்

நெரவி,
ஞாயிறு காலை

அன்பு மகள் சிவப்ரியாவுக்கு, பெரியப்பா கோவிந்தராசு மனம் நிறைந்து வாழ்த்தி எழுதுவது. நாங்கள் சுகம். நீயும், உன் கிளினிக்கில் வாயைத் திறந்து உட்காருகிற அத்தனை பேரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். போனில் பேசினால் உன் பெரியம்மா பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் கடிதம்.

மகளே, நீ என் பல்லோடு மானத்தையும் காப்பாற்றினாய். மாத்திரை போட்டும், நடந்தும், இரவுச் சோற்றை விட்டும் சர்க்கரை இறங்காததால், நான் திருட்டுத்தனமாக இனிப்பு தின்கிறேன் என்று பெரியம்மா சௌந்தரவல்லி முடிவுகட்டிவிட்டாள். சட்டைப் பையை மோந்து பார்த்தாள். காரைக்கால் மிட்டாய்க் கடையில் சொல்லிவைத்துவிட்டாள். காராச்சேவு கேட்டதற்கே கடைக்காரர், "அக்கா திட்டுவாங்க சார்" என்று கையை விரித்தார். அம்பகரத்தூர் கோயிலில் என் கையிலிருந்த சர்க்கரைப் பொங்கலைப் பிடுங்கிப் பக்கத்தில் நின்றவருக்குக் கொடுத்தாள். அந்த மனுசர் என் முன்னாலேயே விரலை நக்கினார்.

அப்போதுதான் தீபாவளிக்கு நீ வந்தாய். நான் கடித்த கொய்யாவில் ரத்தத்தைப் பார்த்து, "பெரியப்பா, வாயத் தொறங்க" என்றாய். "ஈறு வருசக்கணக்கா வீங்கிக் கெடக்கு. வலிக்காததால தெரியல. ஒடம்பு தெனமும் இதோட சண்ட போட்டுக்கிட்டே இருந்தா, இன்சுலின் சொல்றத சரியாக் கேக்காது. சர்க்கர எறங்காததுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்." வீக்கம் என்றால் முழங்காலில்தான் வரும் என்று நினைத்திருந்தவன், மறுவாரமே புதுச்சேரி பஸ் ஏறினேன். நீ ஈறைச் சுத்தம் செய்தபோது நான் போட்ட சத்தத்தில், வெளியே காத்திருந்த இருவர் எழுந்து போய்விட்டதற்கு மன்னித்துக்கொள்.

இப்போது எடுத்த மூன்று மாதச் சர்க்கரை டெஸ்டில் நன்றாகக் குறைந்திருக்கிறது. "மாத்திரய நிறுத்திடாதீங்க, ஈறயும் விட்டுடாதீங்க" என்றார் இங்குள்ள டாக்டர். பெரியம்மா ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப நீங்க நெசமாவே திங்கலயா?" என்றாள். கண் கலங்கிவிட்டது. "ஒங்களுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயந்துதாங்க அப்புடி ஆடுனேன்." வீட்டில் நிம்மதி திரும்பிவிட்டது, எல்லாம் உன்னால்தான்.

கைராசிக்காரியாக நீடூழி வாழ்க. உன் அப்பாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
பெரியப்பா

பின்குறிப்பு: நிம்மதி என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். டாக்டர் சொல்லிப் பெரியம்மாவும் டெஸ்ட் கொடுத்திருந்தாள். ரிப்போர்ட் இப்போதுதான் வந்தது. என்னைவிட அதிகம்! "மிஷின் கோளாறு" என்கிறாள். என் கண்ணில் படக்கூடாதென்று, வீட்டுக்கு வந்த இனிப்பையெல்லாம் இவளே தின்று தீர்த்திருக்கிறாள். அடுத்த வாரமே கூட்டிவருகிறேன். ஈறில் ஒன்றும் இல்லாவிட்டாலும், கொஞ்சம் வீக்கம் இருப்பதாகச் சொல்லிவை. இல்லையென்றால், பாவம், அழுவாள்.