சபை கழற்றாத பதாகை

எங்கள் ஊர்ச் சந்தியில் ஒருவருடைய முகம் ஆள் உயரத்துக்குத் தொங்க வேண்டுமென்றால் அவர் தேர்தலில் நின்றிருக்க வேண்டும், சாமத்தியப்பட்டு வயதுக்கு வந்திருக்க வேண்டும், அல்லது செத்திருக்க வேண்டும். என் அண்ணா யோகன் இந்த மூன்றில் ஒன்றையும் செய்யவில்லை. ரொறன்ரோவில் குளிருக்குள் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். அவரைச் சந்தியில் தொங்கவிட்டது நான்.

இணுவிலில் நான் கேக் கடை திறக்க இருந்த நேரம். என்னைவிட ரசனை உள்ளவள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்த வயது. திறப்பு விழாவுக்கு வருவதாக அண்ணா சொல்லியிருந்தார். அதற்கு முந்திய நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் வருவதாகச் சொன்னவர்தான். ஆனாலும் அம்மா அவருடைய அறையைக் கழுவி, கட்டிலுக்குப் புது நுளம்பு வலையும் வாங்கிக் கட்டிவிட்டார். பிறகு லீவு கிடைக்கவில்லை என்று தொலைபேசி வந்தது. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அம்மா வலையை அவிழ்த்து மடித்து அலுமாரிக்குள் வைத்தார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. சந்தியில் அண்ணாவின் முகத்தைப் பெரிதாக வைத்து, அதைப் படம் எடுத்து அனுப்பினால், ஆள் மனம் உருகி அடுத்த விமானத்தில் ஏறிவிடுவார் என்று திட்டம் போட்டேன்.

சுன்னாகத்தில் பதாகை அடிக்கிறவரிடம் கறுப்புப் பின்னணி கேட்டேன். (வெளிநாட்டுக் கடைகள் எல்லாம் கறுப்புத்தான் என்று எங்கோ பார்த்து வைத்திருந்தேன்.) நடுவில் அண்ணாவின் முகம். கையில் இருந்தது கடவுச்சீட்டுக்கு எடுத்த படம். சிரிக்கவே கூடாத படம். மங்கலமாக இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு. கீழே திறப்பு விழாவின் திகதி, வெறும் திகதி மட்டும். ‘யோகன் கேக் இல்லம்’ என்பதை அடியில், கிட்டப் போனால் மட்டும் தெரிகிற அளவில் போடச் சொன்னேன். (பெரிய எழுத்து நாகரிகம் இல்லையாம்.) அவர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“தங்கச்சி, கறுப்பு வேண்டாம். றோஸ் போடுவம்.”

“நான் சொன்னதைச் செய்யுங்கோ அண்ணை.”

விளம்பரம் வைப்பதென்றால் பிரதேச சபையில் அனுமதி எடுக்க வேண்டும். அளவு சொல்ல வேண்டும், இடம் காட்ட வேண்டும், மூன்று மொழியிலும் பெயர் இருக்க வேண்டும், சதுர அடிக்கு இவ்வளவு என்று காசு கட்ட வேண்டும். யார் கட்டினார்கள்? ரியூசன் வாத்திமாரும் சீலைக் கடைக்காரரும் அனுமதியில்லாமல்தானே தொங்கினார்கள். நானும் அப்படியே பதாகையைத் தொங்கவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் காலை சபையின் உழவு இயந்திரம் வந்து எல்லாவற்றையும் பிடுங்கி ஏற்றிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடினேன். சந்தி மொட்டையாக இருந்தது. என்னுடைய பதாகை மட்டும் அசையாமல் நின்றது. பக்கத்தில் யாரோ ஒரு பெரியவரின் கண்ணீர் அஞ்சலியும் நின்றது. அது நிற்கும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை செத்தவருடைய பதாகையில் யாரும் கைவைப்பதில்லை. ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அது தெரிந்திருந்தும் நான் நினைத்தது என்ன? என்னுடைய வடிவமைப்பின் அழகில் மயங்கி, கழற்ற அவர்களுக்கு மனம் வரவில்லையென்று! வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அதைப் பெருமையாகச் சொன்னேன்.

மத்தியானம் சனம் வரத் தொடங்கியது. முதலில் அண்ணாவோடு படித்த சிவா அண்ணை. கதிரையில் இருந்து நிலத்தையே பார்த்தார், கண்ணைத் துடைத்தார், எங்கள் கையில் என்ன இருக்கிறது என்றார். கேக் கடை போடுவது அவ்வளவு ஆபத்தான தொழிலா என்று எனக்கே பயம் வந்தது. பக்கத்து வீட்டு மணி அக்கா ஒரு பெட்டி புட்டும் கறியும் கொண்டுவந்தார். நாங்கள் அடுப்பு மூட்டியிருக்க மாட்டோமாம். திறப்பு விழா வேலையில் நான் களைத்திருப்பேன் என்று யோசித்திருக்கிறாரே என உருகிப்போய், இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன். வந்தவர்கள் எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள், எழும்பினார்கள், போனார்கள்.

அம்மாதான் கண்டுபிடித்தார்.

“பிள்ளை, உவையள் ஏன் ஒருத்தரும் போட்டு வாறம் எண்டு சொல்லாமல் போகினம்?”

போய்வருகிறோம் என்று சொல்லாமல் எழும்பிப் போவது செத்தவீட்டில்தான். கறுப்பு, விளக்கு, சிரிக்காத முகம், அடியில் திகதி. எல்லாம் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன. அம்மா ஒழுங்கைக்கு ஓடி, தன் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று போகிறவர்களை எல்லாம் மறித்துச் சொன்னார். பெற்ற மனம் நம்ப மறுக்கிறது என்று அவரைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து இருத்தினார்கள்.

அதற்குள் யாரோ பதாகையை முகநூலில் போட்டுவிட்டார்கள். ரொறன்ரோவில் விடிய எழும்பிய அண்ணா தன்னுடைய ஆத்மா சாந்தியடைய ஊரே வேண்டிக்கொண்டிருப்பதைக் கண்டு தொலைபேசி எடுத்தார். ஏச்சு விழப்போகிறது என்று ஸ்பீக்கரில் போட்டுத் தள்ளி நின்றேன். அவர் ஏசவில்லை.

“ஆர் ஆர் வந்தவை?”

பெயர்களைச் சொல்லிக்கொண்டு போனேன்.

“சிவா அழுதவனோ?”

“ஓம் அண்ணா. அழுதவர்.”



“ஊரிலை என்னை எல்லாரும் மறந்திருப்பினம் எண்டுதான் நான் இருந்தனான்,” என்றார்.

அவர் வராததற்கு லீவு மட்டும்தான் காரணம் என்று அதுவரை நினைத்திருந்தேன். வந்து சந்தியில் இறங்கி நிற்கும்போது ஒருவருக்கும் தன்னைத் தெரியாமல் போய்விடுமோ என்ற பயத்தை அவர் இத்தனை காலமும் எங்களுக்குச் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசியில், கடை திறக்கிற வீட்டு ஆள் ஒருத்தியும் உண்மையாகவே அழுதாள். அதைக் கண்ட மணி அக்காவுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்தது.

பதாகையை நானே ஏறிக் கழற்றினேன். புதிய பெயர்ப்பலகைக்கு ஒழுங்காகச் சபைக்குப் போனேன். உத்தியோகத்தர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, படம் ஏதும் வருகிறதா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். இன்று என் கடைக்கு வெள்ளையில் நீல எழுத்து, மூன்று மொழியிலும்.

நல்ல துணியை வீணாக்க மனமில்லாமல் அம்மா அந்தப் பதாகையை வீட்டின் பின்பக்கக் கோடியில் அடுக்கிய விறகுக்கு மேலே, அண்ணாவின் முகம் வானத்தைப் பார்க்க மூடி, நான்கு கல் வைத்துவிட்டார். அண்ணா இன்னும் வரவில்லை. நுளம்பு வலையும் அலுமாரியை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் மாரி தொடங்கினால் தவறாமல் தொலைபேசி எடுத்து, “அங்கை மழையோ? நான் நனையிறனோ?” என்று கேட்பார். வீடே சிரிக்கும். அம்மாவும் சிரித்துவிட்டு, எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

“நனையிறாய் ராசா. வந்து எடுத்து உள்ளுக்கை வை.”