ஆறாவது இலையில் ஒரு புள்ளி

தூரிகையைத் தண்ணீர்த் தம்ளரில் முக்குவதாக நினைத்துக்கொண்டு டீத் தம்ளரில் முக்கிவிட்டார் ஓவியர். முக்கியதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. உதறவும் உதறினார். ஒரு சொட்டு டீ பறந்துபோய், இருபத்திரண்டு நாள் பாடுபட்டு வரைந்த படத்தில், ஆறாவது இலையின் நட்டநடுவில் உட்கார்ந்துகொண்டது.

மணி பத்தரை. படத்தைப் பார்க்க ஆராய்ச்சி நிலைய இயக்குநர் பதினொன்றுக்கு வருகிறார்.

அந்தத் தாவர ஆராய்ச்சி நிலையத்தில் செடிகளை நரம்பு நரம்பாகப் பார்த்து வரைவதுதான் அவர் வேலை. இதழ் ஐந்து என்றால் ஐந்துதான்; இலையோரத்தில் பல் பதினேழு என்றால் பதினேழுதான். ஒன்பது வருடமாகத் தற்காலிக ஓவியர். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிகூட நிலையத்தின் நிரந்தரச் சொத்துப் பட்டியலில் இருந்தது, அவர்தான் இல்லை. கண்ணாடிக் கூடத்தில் ஒரே ஒரு தொட்டியில் இருந்த இந்த அபூர்வச் செடியின் படத்தை இயக்குநர் ஒப்புக்கொண்டால் வேலை நிரந்தரம்.

"இன்னைக்கும் தற்காலிகமாவே வந்து நிக்காதீங்க," என்று மனைவி வாசல்வரை வந்து சொல்லி அனுப்பியிருந்தாள்.

காகிதத்தால் ஒற்றினார். கடுகளவு புள்ளி மிளகாயிற்று. ஈரத் தூரிகையால் கழுவிப் பார்த்தார். மிளகு பட்டாணியாயிற்று. பிளேடால் மெல்லச் சுரண்டினார். பட்டாணிக்குத் தாடி முளைத்தது.

அழ நேரமில்லை. அழிக்க முடியாததை வரைந்துவிடுவது என்று முடிவு செய்தார். நடுவில் செம்பழுப்பு, சுற்றி மஞ்சள் வளையம், ஓரத்தில் லேசாகக் கருமை. எந்தச் செடியில்தான் ஒரு சொத்தை இலை இல்லை? தத்ரூபமாக வந்துவிட்டது. பூவைவிடப் புள்ளி நன்றாக வந்திருந்தது என்பதுதான் வேதனை.

இயக்குநர் வந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"பிரமாதம்! தொட்டுப் பார்க்கலாம் போல இருக்கே!"

ஓவியருக்கு ஒன்பது வருடப் பாரம் இறங்கியது.

"ஆமா, இது என்ன புள்ளி?"

"இலைப்புள்ளி, மேடம்."

"செடியில இருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

"செடியில இல்லாத எதையும் நான் வரைய மாட்டேன், மேடம். அதுதான் என் கொள்கையே!"

இயக்குநரின் முகம் வெளுத்தது. "ஐயோ, துருநோயா இருக்கப் போகுது!" என்று உடனே போனை எடுத்து நோய் நிபுணரை அழைத்தார். நிலையத்தில் அவருக்குப் பூஞ்சை டாக்டர் என்று பெயர். பிஸ்கட்டைக்கூட லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தின்பார்.

"கண்ணாடிக் கூடத்துக்கு வாங்க, டாக்டர். அவசரம்!" என்றவர் ஓவியர் பக்கம் திரும்பினார். "நீங்களும் வாங்க."

"தூரிகையைக் கழுவிட்டு வந்துடறேன், மேடம்."

வண்ணப் பெட்டியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பின்வழியாக ஓடினார். கூடத்தில், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் அக்கா குழாயும் கையுமாக நின்றிருந்தாள்.

"அக்கா, மேடம் உங்களை ஆபீசுல தேடறாங்க!"

"என்னையா? எதுக்கு சார்?"

"எனக்கென்ன தெரியும்? ஓடுங்க!"

அவள் குழாயைப் போட்டுவிட்டுப் போனாள். செடியைப் பார்த்துப் படம் வரைந்தே பழகிய மனிதர், வாழ்க்கையில் முதல்முறையாகப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு செடியின்மேல் வரைந்தார். ஆறாவது இலையில் அதே செம்பழுப்பு, அதே மஞ்சள் வளையம். காய்வதற்குள் காலடிச் சத்தம் கேட்டுவிட்டது.

பூஞ்சை டாக்டர் லென்ஸை வைத்துப் பார்த்தார். விரலால் தொட்டார். விரல் பழுப்பாயிற்று.

"பார்த்தீங்களா? தொட்டாலே கையோட வருது! நோய் முத்திப்போச்சு."

"செடியைக் காப்பாத்த வழியே இல்லையா?"

"இந்த ஒண்ணையா? கூடத்துல இருக்கற முந்நூறு தொட்டியையும் இன்னைக்கே கொளுத்தணும், மேடம். விட்டா ஊரெல்லாம் பரவிடும்."

இயக்குநர் கவிழ்த்து வைத்திருந்த ஒரு தொட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். "பதினோரு வருஷம் காத்திருந்து பூத்த செடி..." என்றார்.

தேடிப் பார்த்துவிட்டு அக்கா திரும்பி வந்தாள். "மேடம், கூப்பிட்டீங்களாமே?"

"எல்லாத் தொட்டியையும் வண்டியில ஏத்தும்மா. எரிக்கணும்," என்றார் டாக்டர்.

அக்கா முதலில் தூக்கியது அந்தச் செடியைத்தான். ஓவியர் குறுக்கே பாய்ந்தார். இருபத்திரண்டு நாளாகச் சொந்தப் பிள்ளையைக்கூட அவர் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

"நிறுத்துங்க! அது நோய் இல்ல... வாட்டர்கலர்!"

கைக்குட்டையை நனைத்து இலையைத் துடைத்தார். பச்சைப்பசேலென்று இலை மின்னியது. டீ, பிளேடு, தாடி, கொள்கை என்று எல்லாவற்றையும் ஒப்பித்தார். பூஞ்சை டாக்டர் விரலைப் பார்த்தார், பிறகு கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "செடி நல்லா இருக்கு. எனக்கு அது போதும். நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்."

ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அவருக்கு ஒன்று நிரந்தரமாகக் கிடைத்தது. மனைவி முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை. ஆனாலும் செடி பிழைத்துவிட்டது, தன்னால்தான் பிழைத்தது. அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

அக்கா தொட்டியைக் கீழே வைத்துவிட்டு இயக்குநரைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"அப்ப, சார் வரையறதுக்கு அழகா இருக்கட்டும்னு தினமும் காலையில இந்தச் செடியிலேருந்து புள்ளி விழுந்த இலையாப் பார்த்து நான் கிள்ளினேனே, அதெல்லாமும் டீதானா, மேடம்? நல்லவேளை, ஒண்ணைக்கூட வீணாக்காம எல்லாத் தொட்டிக்கும் உரமாப் போட்டிருக்கேன்!"