சுயம்புராஜின் தொடைக்கு ஒரு மேற்பார்வைக் கம்மிட்டி

எங்கள் மாவட்டத்தில் கம்மிட்டி போடாமல் ஒரு காரியம் நடந்ததாகச் சரித்திரம் இல்லை. கோயில் கொடை விழாவுக்குக் கம்மிட்டி, சர்ச் திருநாளுக்குக் கம்மிட்டி, அந்தக் கம்மிட்டிகளில் சண்டை வந்தால் சமாதானம் பேச வேறொரு கம்மிட்டி. ஆகவே சுயம்புராஜின் இடது தொடைக்கும் ஒன்று போட்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சுயம்புராஜ் இராஜாக்கமங்கலத்து வாழைக்குலை வியாபாரி. தொடை எலும்பில் புற்றுநோய். "கட்டியை எடுத்துட்டு உள்ள உலோகம் வைப்போம்," என்றார் ஆஸ்பத்திரி சர்ஜன். "அதுக்கு முன்னால தொடைச் சதைக்கு பலம் வேணும். அப்பதான் பொறவு நடக்க முடியும். தினமும் உடற்பயிற்சி செய்யணும். எலும்பு முறிஞ்சிரப்பிடாது, அதனால பக்கத்துல ஒரு ஆளு நின்னு மேற்பார்வை பாக்கணும்."

அந்த ஆள் பிசியோதெரபிஸ்ட் லிஜா. நல்ல பிள்ளை. படுத்தபடியே தொடையை இறுக்கி விடுவது, நல்ல காலைத் தூக்குவது, மூச்சை இழுத்து விடுவது எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். சுயம்புராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தான். அவன் மனைவி முத்துக்கனி பக்கத்தில் நின்று, "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்பாள். அவன் நடந்தால் போதும் அவளுக்கு. ஆஸ்பத்திரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான் இதையெல்லாம் கண்ணால் கண்டவன்.

அப்போதுதான் ஆஸ்பத்திரியின் திட்ட அதிகாரி ஹரிகுமார் வந்து சேர்ந்தார்.

"ஒரே ஆளா மேற்பார்வை பாக்குது? அப்போ அந்த ஆளை யாரு மேற்பார்வை பாக்குது?"

கேட்ட வேகத்தில் கம்மிட்டி பிறந்தது. ஹரிகுமார் தலைவர். பொதுமக்கள் பிரதிநிதியாக அடியேன். மேற்பார்வை பார்ப்பது எப்படி என்று கற்றுவர லிஜாவைச் சென்னைக்கு அனுப்பிவைத்தோம்.

"நமக்கே தெரியாத பயிற்சியை எப்பிடி ஓய் மேற்பார்வை பாக்கது?" என்று முதல் கூட்டத்தில் தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி. முதலில் நாங்கள் பழகுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். லிஜா ஊரில் இல்லாததால் பயிற்சி தெரிந்த ஒரே ஆள் சுயம்புராஜ்தான். அவனைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக் கழுத்தில் ஒரு விசிலை மாட்டினோம்.

ஆளுக்கொரு டிராக் பேண்ட், ஆளுக்கொரு பாய். தலைவர் மல்லாந்து காலைத் தூக்குவது வாட்ஸப் ஸ்டேட்டஸில் வந்தது. அவ்வளவுதான், தாலுகா ஆபீஸ்காரர்கள் வந்தார்கள், பேங்குக்காரர்கள் வந்தார்கள், நகைக்கடை முதலாளி குடும்பத்தோடு வந்தார். நாகர்கோவிலில் ரெண்டு பேர் சந்தித்தால், "ஆப்பரேஷனுக்கு முந்தின எக்சர்சைஸ் போறியா மக்கா?" என்று கேட்பதே நாகரிகம் என்றாயிற்று.

"அப்போ இவிய எப்பம் செய்யது சாரே?" என்றாள் முத்துக்கனி.

"அவரு மேற்பார்வையாளர் அம்மா. அவரே படுத்துட்டா எங்களை யாரு பாக்குது?" என்றார் தலைவர்.

"சீக்கு அவியளுக்குல்லா?"

"அதனாலதான் சொல்லுகேன். நோயாளி மேற்பார்வை இல்லாம அசையப்பிடாது. ஆர்டர் இருக்கு."

அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. என்ன செய்ய, ஆர்டர் ஆர்டர்தானே!

திட்டம் மகத்தான வெற்றி. தலைவரின் தொப்பை போன இடம் தெரியவில்லை. என் சுகர் இறங்கியதைப் பார்த்து டாக்டரே அசந்துபோனார். சிறந்த மேற்பார்வையாளர் என்று சுயம்புராஜுக்குப் பொன்னாடை போர்த்தினோம். அது தோளில் நிற்காமல் நழுவி விழுந்தது, ஆள் அவ்வளவு மெலிந்திருந்தான்.

ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் சர்ஜன் அவன் தொடையைப் பிடித்துப் பார்த்தார்.

"இத்தனை பேரு மேற்பார்வை பாத்தியளே, இவரை ஒருத்தரும் பாக்கலியா?" என்று சத்தம் போட்டார். "கட்டி காத்திருக்காது. தேதியை மாத்த முடியாது. இனி நடக்கதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லதுக்கில்ல."

முத்துக்கனி வாய்விட்டு அழுதாள். கம்மிட்டி சார்பில் ஆறுதல் சொன்னோம்.

மறுநாள் காலை பாயை விரித்துக் காத்திருந்தோம். சுயம்புராஜ் வரவில்லை. ஆப்பரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்களாம்.

"ஆப்பரேஷன் வேண்டாம்னா சொன்னோம்?" என்றார் ஹரிகுமார். "ஒரு மாற்று ஆளை ஏற்பாடு பண்ணிட்டுல்லா போவணும்?"

எல்லோரும் தலையாட்டினோம். எந்தக் காலை முதலில் தூக்குவதென்றுகூட எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மனுஷனுக்கு ஒரு பொறுப்பு வேண்டாமா?