தங்க அட்டைக்காரர்

கொழும்பில் காகத்துக்கும் ஓட்டோவுக்கும் அடுத்தபடி அதிகமாகக் காணப்படுகிற உயிரினம் ஒன்று உண்டு. வெள்ளவத்தையில் காலி வீதியின் இரு கரையிலும் இருக்கும், கொட்டாஞ்சேனையில் கோயில் வாசலிலும் நிற்கும், கலியாண வீடென்றால் முதல் பந்தியிலேயே உட்கார்ந்திருக்கும். வருடத்தில் நாலைந்து தடவை விமானத்தில் ஏறும். மிச்ச நாள் முழுவதும் அந்த நாலைந்து தடவையைப் பற்றிக் கதைக்கும். இதற்குத் தங்க அட்டைக்காரர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

இந்த இனத்தைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். என் பணப்பையைத் திறந்து பாருங்கள். முதல் மடிப்பில், வெளியே எடுக்காமலே பளபளப்புத் தெரிகிற மாதிரி, தப்ரபேன் எயார் விமானக் கம்பனி, அடிக்கடி பறக்கிறவன் என்று எனக்குத் தந்த கோல்ட் காட், அதுதான் தங்க அட்டை, இருக்கிறது. தேசிய அடையாள அட்டை அதற்குப் பின்னால்தான். மனைவியின் படம் அதற்கும் பின்னால்.

எங்களை அடையாளம் காண்பது லேசு. "சென்னையில் என்ன விசேஷம்?" என்று ஒருவரைக் கேளுங்கள். சாதாரண மனிதராக இருந்தால் வெயில் என்பார், சேலை விலை என்பார், சொந்தக்காரர் வீட்டுச் சண்டை என்பார். எங்கள் ஆள் அப்படியில்லை. போன விமானம் எந்த ரகம், இருக்கையின் சாய்வு எவ்வளவு, தந்த கட்லட் போன வருடத்துக் கட்லட்டை விட எத்தனை சுற்றுச் சிறுத்திருந்தது, பணிப்பெண் சிரித்தது மனதாரவா கடமைக்கா என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவார். சென்னை அவர் கதையில் கடைசிவரை தரையிறங்காது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் காலி வீதிச் சைவக்கடை ஒன்றில் எங்கள் நீதிமன்றம் கூடும். நீதிபதிகள் மூன்று பேர். கப்பல் முகவர் நிறுவனமொன்றில் பெரிய பதவியில் இருக்கும் கொட்டாஞ்சேனைச் செபஸ்தியன், புறக்கோட்டையில் துணி வியாபாரம் செய்யும் இப்திகார் நானா, பிறகு நான். குற்றவாளிக் கூண்டில் எப்போதும் ஒரே ஆள், தப்ரபேன் எயார்.

அந்தக் கம்பனியின் நிலைமையை நான் சொல்லத் தேவையில்லை. கழுத்துவரை கடன். எஞ்சின்கள் வாடகைக்கு. விற்கப் போகிறார்கள் என்று வருடத்துக்கு இரண்டு தடவை பத்திரிகையில் வரும், வாங்க வருகிறவர்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பிளேன்ரீ குடித்துப் போவார்கள். முன்பு முந்திரிப்பருப்பு தந்தார்கள். பிறகு கடலை. இப்போது மன்னிப்பு.

"வளைகுடாக்காரன்ட பிளேனில ஏறி இருந்த உடன சுடச்சுட ஒரு துவாய் தருவான் மச்சான். முகத்தைத் துடைச்சா ஊர்க் களைப்பெல்லாம் போயிடும்," என்று செபஸ்தியன் வழக்கைத் தொடங்குவான்.

"துவாய வெச்சி என்ன செய்ற? சிங்கப்பூர்க்காரன் முழங்காலுக்கு முன்னுக்கு உடுற எடத்தில நம்மட கடை ரேக் ரெண்டு போடலாம்," என்பார் இப்திகார் நானா.

"நான் போன முறை தப்ரபேனில மரக்கறிச் சாப்பாடு கேட்டனான். முடிஞ்சுதாம். பின்வரிசையில இருந்து தொடங்கினவையாம்," என்பேன் நான்.

மூன்று பேரும் தலையை ஆட்டுவோம். தீர்ப்பு ஏகமனதாக வரும்: நேரத்துக்குப் போகிறவன் சிங்கப்பூர்க்காரன், வயிறு நிறையத் தருகிறவன் வளைகுடாக்காரன், தப்ரபேனில் மனிதன் ஏறுவானா? பிறகு யாராவது ஒருவர், அடுத்த பயணத்துக்கு எதில் டிக்கெட் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்பார். மூன்று பேரும் வடையைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வோம்.

தப்ரபேனில்.

ஏன் என்று கேட்கிறீர்களா? காட் இருக்கிறதே! கோல்ட் காட் இருந்தால் கட்டுநாயக்க விமான நிலையத்தில் தனி வரிசை. தனி வரிசையில் நிற்பதை விட, பக்கத்து நீள வரிசையில் தெரிந்த முகம் ஏதாவது நின்று எங்களைப் பார்ப்பதுதான் பெரிய சுகம். இலவச பட்டீஸ் தரும் ஓய்வறை உண்டு; வீட்டில் மனைவி றோஸி பட்டீஸ் பொரித்தால் எண்ணெய் கூடிப்போச்சு என்று தள்ளி வைக்கிற நான், அங்கே ஆறு எடுப்பேன். எல்லாவற்றுக்கும் மேலே, கூடுதல் நிறை. நான் பயணம் போகிறேன் என்று கேள்விப்பட்டால் எங்கள் மாடிக்குடியிருப்பில் உள்ள அத்தனை வீடும் கதவைத் தட்டும். மிளகாய்த்தூள், கருவாடு, மருமகளுக்குச் சேலை, பேரப்பிள்ளைக்கு முறுக்கு. "உங்களுக்குத்தான் கோல்ட் காட் இருக்கே," என்று நேசமலர் அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும், பலாக்காயைக்கூட வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிடுவேன்.

இன்னொரு குணமும் எங்களுக்கு உண்டு. தப்ரபேனை நாங்கள் ஏசலாம். வேறு யாரும் ஏசக்கூடாது. ஒருமுறை சென்னைக்காரர் ஒருவர் பக்கத்து இருக்கையில் இருந்து, "என்ன சார் உங்க ஏர்லைன்ஸ், டப்பா மாதிரி இருக்கு" என்றார். எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் விமானிகள் போல உலகத்தில் எவனும் தரையிறக்க மாட்டான் என்று அரை மணிநேரம் வாதாடினேன். இந்த நாட்டில் எதையுமே வாய் நிறைய 'எங்கட' என்று சொல்லத் தயங்குகிற நான், இந்த ஓட்டை விமானத்தை மட்டும் அப்படிச் சொன்னேன். இறங்கியதும் இருக்கைப் பட்டி சரியில்லை என்று முறைப்பாடு எழுதினேன்.

இதுவரை சொன்னது சிரிக்கிற பகுதி. போன டிசம்பரில் நடந்ததைக் கேளுங்கள்.

எங்களுக்கு ஒரே மகள், சாமினி. மெல்பேர்னில் இருக்கிறாள். முதல் பிரசவம். "அப்பா, அம்மாவும் நீங்களும் ரெண்டு பேரும் பக்கத்தில நிக்கோணும். எனக்குப் பயமா இருக்கு," என்று போனில் சொன்னாள். பிள்ளை எதற்கும் பயப்படாதவள். "நான் முதல் ஆளா வந்து நிப்பன் மகள்," என்றேன். அந்த நேரத்தில் அதை மனதார நினைத்துத்தான் சொன்னேன்.

அடுத்த நாள் மாலை நான் வேலையால் வர, றோஸி தன்னுடைய டிக்கெட்டை மேசையில் வைத்திருந்தாள். சிங்கப்பூர்க்காரனுடையது.

"இதென்ன? எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல்?"

"நீங்கள் சொல்லித்தானே எடுத்தனான். எத்தனை வருசமா ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையா வந்து சொல்றீங்கள், நேரத்துக்குப் போறவன் அவன்தான் எண்டு."

"அது... கதைக்கிறதுக்குச் சொல்றது, றோஸி."

"எனக்கு மகளிட்டப் போகோணும். உங்களுக்கு எங்க போகோணும்?"

எனக்கும் மகளிடம்தான் போக வேண்டும். ஆனால் தப்ரபேனில் போக வேண்டும். வருடம் முடிவதற்குள் இன்னும் ஒரு நீண்ட பயணம் அதில் போய் மைல்ஸ், அதாவது பறந்த தூரத்துக்கான புள்ளி, சேர்க்காவிட்டால் தங்கம் போய் வெள்ளி வந்துவிடும். செபஸ்தியன் தங்க அட்டையோடு இருக்க, நான் வெள்ளி அட்டையோடு அதே மேசையில் வடை தின்பதா? அதுவும் தப்ரபேன் நேரே மெல்பேர்னுக்குப் போகிறது, இடையில் இறங்கி ஏறுகிற அலுப்பு இல்லை என்று எனக்கு நானே விளங்கப்படுத்தினேன். பட்டீஸைப் பற்றி நினைக்கவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

றோஸி எனக்கு ஒரு நாள் முந்திப் போய்ச் சேர்ந்தாள். போன் எடுத்தேன்.

"சாப்பாடு என்ன தந்தவங்கள்?"

"தெரியாது. நித்திரை கொண்டிட்டன்."

"துவாய்? சூடா இருந்ததோ?"

"இஞ்சருங்கோ, சாமினிக்கு இடுப்பு நோகிற மாதிரி இருக்காம். நீங்கள் நாளைக்கு நேரத்துக்கு வந்து சேருங்கோ."

உலகமே புகழ்கிற விமானத்தில் ஏறி, ஒன்றையும் கவனிக்காமல் நித்திரை கொண்டு இறங்கியிருக்கிறாள். இந்த மனுசியோடு எப்படித்தான் இத்தனை வருடம் குடும்பம் நடத்தினேனோ என்று நினைத்தேன். அவளும் அதையே நினைத்திருப்பாள்.

மறுநாள் கட்டுநாயக்கவில் தனி வரிசையில் நின்று, ஆறு பட்டீஸ் தின்று, ஏறுவாசலுக்குப் போனால், விமானம் தாமதம். எஞ்சினில் ஏதோ கோளாறாம். எத்தனை மணிக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு நெஞ்சு பதறியது. அதே நெஞ்சில் ஒரு மூலையில் சின்னச் சந்தோஷமும் வந்தது. அதை மறைத்து என்ன பயன்? தாமதம் எங்கள் இனத்துக்குத் திருவிழா. நேரத்துக்குப் போகிற விமானத்தைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை என்னத்தைக் கதைக்கிறது?

ஐந்து நிமிடத்தில் இனம் இனத்தைக் கண்டுபிடித்துவிட்டது. கிருலப்பனைக்காரர் ஒருவர் தோஹாவில் தனக்கு ஹோட்டல் அறை கிடைத்த கதையைச் சொன்னார். கல்கிசைக்காரர் ஒருவர் அதற்கு மேலே போய் கோலாலம்பூரில் தனக்குக் கிடைத்த இரவுச் சாப்பாட்டை வர்ணித்தார். நான் எழுந்து நின்றே பேசினேன். சிங்கப்பூர்க்காரனாக இருந்தால் இந்த நேரத்துக்கு வேறு விமானம் கொண்டுவந்து நிறுத்தியிருப்பான் என்று நான் முழங்கிக்கொண்டிருக்கும்போது, மருமகன் ஜெனிஸ்டனின் செய்தி வந்தது. சாமினியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்களாம்.

ஓடினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு உண்மையாகவே ஓடினேன். தப்ரபேன் கருமபீடத்தில், அதுதான் கவுண்டரில், ஒரு பிள்ளை இருந்தாள், சட்டையில் ரொஷேல் என்று பெயர் குத்தியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறியது. கணினியைத் தட்டினாள்.

"சேர், சிங்கப்பூர்க்காரங்கட ஃபிளைட் ஒண்டு இப்ப போகப்போகுது. ஒரு சீட் இருக்கு. ஓமெண்டு சொன்னீங்களெண்டா உடனே மாத்தித் தாறன். பெட்டி பிறகு வரும். நாளைக்கு விடிய மெல்பேர்ன்."

கடவுளே வந்து கையில் தந்தது போல. நேரத்துக்குப் போகிறவன். நான் இருபது வருடமாகப் புகழ்ந்தவன். என் மகள் அங்கே வலியில் கிடக்கிறாள். இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

நான் ரொஷேலைக் கேட்டேன்: "மகள், தப்ரபேன் மைல்ஸ் சேருமோ?"

ரொஷேல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அது வேற கம்பனி சேர். கேட்டுத்தான் சொல்லலாம்."

"ஒருக்காக் கேளுங்கோ. வருசக் கடைசி, அதுதான்."

அவள் போனை எடுத்தாள். மறுமுனையில் பாட்டுப் போட்டுவிட்டார்கள். நான் தங்க அட்டையை எடுத்துப் பீடத்தின் மேல் வைத்தேன், பார்த்தால் விரைவாகப் பதில் சொல்வார்கள் என்று. பக்கத்துப் பீடத்தில் ஓர் இளம் பெண், முதுகில் ஒரு பை மட்டும், "மெல்பேர்னுக்கு ஏதும் இருக்கா?" என்று கேட்டது காதில் விழுந்தது. "எதெண்டாலும் பரவாயில்ல, தாங்கோ," என்றாள். அவள் மைல்ஸைப் பற்றிக் கேட்கவில்லை. சாப்பாட்டைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை.

ரொஷேல் போனைக் காதில் பிடித்தபடியே கணினியைப் பார்த்தாள். மெதுவாக வைத்தாள்.

"சீட் போயிட்டுது சேர்."

தப்ரபேன் பின்னேரம்தான் புறப்பட்டது. கோல்ட் காட் என்பதால் முன்வரிசை தந்தார்கள், கால் நீட்ட இடமிருந்தது. சாப்பாடும் நன்றாகத்தான் இருந்தது. இதை நான் செபஸ்தியனிடம் சொல்லவில்லை. முன்வரிசையில் காலை நீட்டிக்கொண்டு, ஒரு மனிதன் எவ்வளவு தூரம் மடையனாகலாம் என்று கடல் முழுவதும் கணக்குப் பார்த்தேன்.

ஜெனிஸ்டன் மெல்பேர்ன் விமான நிலையத்துக்கு வந்திருந்தான். கண்ணெல்லாம் சிவந்து, சிரிப்பு மட்டும் அடங்காமல் இருந்தது. பிள்ளை பிறந்துவிட்டது, தாயும் பிள்ளையும் சுகம் என்றான். கட்டிப்பிடித்தேன். காரில் ஏறியதும், மரியாதைக்காரப் பெடியன், "பயணம் எப்பிடி மாமா?" என்று ஒரு கேள்வி கேட்டான். ஆஸ்பத்திரி வாசல்வரை பதில் சொன்னேன்.

அறைக்குள் சாமினி வாடிப்போய்ப் படுத்திருந்தாள். என்னைக் கண்டதும் கண் கலங்கிச் சிரித்தாள். "வாங்கோ அப்பா. சரியாக் களைச்சுப்போனீங்களோ? ஃபிளைட் எப்பிடி?"

"அதை ஏன் மகள் கேக்கிறாய், எஞ்சினில கோளாறெண்டு சொல்லி..."

ஆரம்பித்துவிட்டேன். எஞ்சின், ஏறுவாசல், கிருலப்பனைக்காரரின் தோஹா. சிங்கப்பூர்க்காரனாக இருந்தால் என்ற இடத்துக்கு வந்தபோது றோஸி எழுந்து வந்து, துணியில் சுற்றிய பிள்ளையை என் கையில் வைத்தாள். பிறகு காதருகில் சொன்னாள்:

"நோவுக்குள்ளயும் ரெண்டு தரம் கேட்டவள், அப்பா இறங்கிட்டாரோ எண்டு."

கையில் இருந்தது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படி ஒரு வெட்கம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. அதைவிடப் பெரிய சந்தோஷமும் வந்தது, அதனால் அழுதேன். முதல் ஆளாக வந்து நிற்பேன் என்று சொன்னவன், தாதிமாரும் பக்கத்து அறைக்காரரும் பார்த்து முடித்த பிறகு வந்து நின்றேன்.

சரி, சிரித்துவிட்டுப் போங்கள். உங்களுக்கு விமானமும் இல்லை, அட்டையும் இல்லை, நீங்கள் இந்த இனமில்லை என்று நினைப்பீர்கள். போகமுன் ஒன்று. பிறந்தது ஆணா பெண்ணா என்று நான் இதுவரை சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை. ஆனால் ரொஷேல் போனை வைத்த இடத்திலிருந்து உங்கள் மனதில் வேறொரு கேள்வி அரித்துக்கொண்டே இருக்கிறது, இல்லையா?

மைல்ஸ் சேர்ந்திருக்குமாம். நான் விசாரித்துவிட்டேன்.