வெளுத்துக்கொண்டே போன ஜட்டி

ஊர்ஸ் மண்ணுக்குள் கைவிட்டு ஜட்டியை வெளியே இழுத்தான். புதைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

"அப்படியே மாட்டிட்டு வேலைக்குப் போலாம் போலருக்கே," என்றாள் மனைவி ரெகுலா.

"நீ வேற கடுப்பேத்தாத."

தோட்டச் சங்கத்தின் விதி அது. வசந்தம் வந்ததும் ஒவ்வொருவரும் தன் பாத்தியில் ஒரு வெள்ளைப் பருத்தி ஜட்டியைப் புதைக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து, கோடை விழாவில் எல்லார் முன்னிலையிலும் தோண்டிக் கொடியில் தொங்கவிடுவார்கள். மண்ணில் நல்ல நுண்ணுயிர்கள் இருந்தால் துணியைத் தின்று தீர்த்துவிட்டு எலாஸ்டிக்கை மட்டும் மிச்சம் வைக்கும். ஜட்டி முழுசாக வந்தால் மண் செத்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு வருடம் தொடர்ந்து முழுசாக வந்தால், பாத்தி அடுத்த ஆளுக்கு. ஊர்ஸுக்குப் போன வருடம் முழுசாகத்தான் வந்தது.

அதைவிடப் பெரிய மானக்கேடு, அவன் இருபது வருடமாக எம்மென்டால் சீஸ் பட்டறையில் வேலை பார்ப்பவன்.

"பாக்டீரியாவ வெச்சு சீஸ்ல ஓட்டை போடுற ஆளு, ஒரு ஜட்டில போட முடியலியே!" சங்கத் தலைவர் பேயாட் பார்க்கும்போதெல்லாம் இதையே சொல்லிச் சிரித்தார்.

ஊர்ஸ் அன்றே நுண்ணுயிர்ப் பொடி வாங்கினான். சர்க்கரைப் பாகில் கலந்து வெதுவெதுப்பான இடத்தில் வைக்கச் சொல்லியிருந்தது. ஒரு கேனில் கலந்து குளியலறையில் வைத்து மூடியை இறுக்கித் திருகினான். காலையில் கேன் வெடித்து, சுவரெல்லாம் பழுப்புக் கோலம்.

"நல்ல கிருமின்னு சொன்னீங்க?"

"நல்லதுதான். கொஞ்சம் உற்சாகமாயிடுச்சு."

"அந்த உற்சாகத்த நீங்களே தொடைங்க."

ஜட்டியை மறுபடி புதைத்து, மிஞ்சியதைப் பாத்தியில் ஊற்றினான். மூன்று வாரம் கழித்துத் தோண்டினால், ஜட்டி முன்னைவிட வெள்ளையாக இருந்தது.

அடுத்து, பட்டறையில் சீஸ் வடித்த தண்ணீரை நாற்பது லிட்டர் கொண்டுவந்து கொட்டினான். கீரை மஞ்சளாகிச் சாய்ந்தது. குளவிகள் கூட்டமாக வந்தன. பேயாட் மூக்கில் கைக்குட்டையோடு வந்தார்.

"ஊர்ஸ், உன் மண்ணு செத்ததோட நிக்கலப்பா, இப்ப நாறவும் ஆரம்பிச்சிருச்சு."

மறுபடி மூன்று வாரம். மறுபடி ஜட்டி. இந்த முறை பளபளவென்றிருந்தது.

ஊர்ஸ் காட்டுக்குப் போய் மக்கிய இலைமண்ணை மூட்டையாகக் கட்டினான். வனக்காவலர் பிடித்து, அரை மணி நேரம் அறிவுரை சொல்லி, ஒரே ஒரு கை மண்ணோடு திருப்பி அனுப்பினார். அதைத் தூவிவிட்டு மண்டியிட்டு மண்ணைப் பார்த்துக் கத்தினான்.

"தின்னுத் தொலைங்களேன்டா! பருத்திதானே? உங்களுக்கு இன்னும் என்னதான் வேணும்?"

பாத்தியின் மறுகோடியில் தினமும் வெங்காயத்துக்குத் தண்ணீர் விடும் மாமியார் தெரேஸ் நிமிர்ந்து பார்த்தாள். "மாப்பிள்ள, தொப்பியப் போட்டுக்குங்க. வெயில் அதிகம்."

விழா நாள். கொடி முழுக்கக் கந்தல்களும் வெறும் எலாஸ்டிக்குகளும் ஆடின. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். ஊர்ஸின் முறை வந்தது. பேயாட் மண்வெட்டியால் நெம்பித் தூக்கினார். கடையில் வாங்கிய மடிப்புகூடக் கலையாமல் வந்தது ஜட்டி.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பேயாட் மட்டும் சிரிக்கவில்லை. சங்கடத்தோடு சட்டைப்பையிலிருந்து காத்திருப்போர் பட்டியலை எடுத்தார். பன்னிரண்டு வருடப் பாத்தி. ஊர்ஸ் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். ரெகுலா முதல்முறையாகக் கிண்டல் எதுவும் செய்யாமல் அவன் தோளில் கை வைத்தாள்.

"எல்லாம்தான் செஞ்சேன் ரெகுலா. இன்னும் நான் என்னத்தப் பண்றது?"

தெரேஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெருமையோடு முன்னால் வந்தாள்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் மாப்பிள்ள, போன வருஷமும் சரி, இந்த வருஷமும் சரி, எப்பத் தோண்டிப் பாத்தாலும் எலாஸ்டிக்குதான் மிச்சம் இருந்துச்சு, ஊர் முன்னாடி நம்ம மானம் போயிடக்கூடாதேன்னு நான்தான் ஒவ்வொரு தடவையும் புதுசு வாங்கிப் பொதச்சேன்!"