பச்சைப் பாக்கெட்டும் பாவ்லினின் கம்ப்யூட்டரும்

பாவ்லின் முடிவு செய்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் சொந்தமாக எடுத்த முதல் முடிவு அதுதான். உதிரி பாகங்கள் வாங்கி, தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டி உருவாக்கப் போகிறார்.

எல்லாம் மானப் பிரச்சினை. ராணுவத்தில் கூட இருந்த நண்பர்களோடு சனிக்கிழமை சாயங்காலங்களில் அவர் ஆன்லைனில் துப்பாக்கிச் சண்டை விளையாடுவார். அவருடைய கிழட்டு லேப்டாப் எதிரி வரும் நேரம் பார்த்து உறைந்து நிற்கும். போதாக்குறைக்கு, ஆட்டம் சூடு பிடிக்கும்போதுதான் குப்பை வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு தெருவுக்குள் நுழையும். தைபேயில் குப்பை வண்டி யாருக்காகவும் காத்திருக்காது. பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் வேண்டும்.

"யாச்சிங், வந்து இந்த மவுஸைப் பிடி. எதையும் அமுக்காதே. நான் சாகாம இருந்தா போதும்!"

"நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்," என்பாள் மனைவி.

வருகிற சனிக்கிழமை காவ்ஷியுங் ஊர்க்காரர்களோடு பெரிய போட்டி. இந்தத் தடவையும் உறைந்தால் குழுவிலிருந்து தூக்கிவிடுவேன் என்று குழுத் தலைவன் செங்யீ கறாராகச் சொல்லிவிட்டான்.

மனைவியிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா? "வீட்டுக் கணக்கு பாக்க ஒரு கம்ப்யூட்டர் வேணும்," என்றார் பாவ்லின்.

"நல்ல விஷயமாச்சே. நானும் கடைக்கு வர்றேன்," என்றாள் யாச்சிங்.

பாவ்லின் வேண்டா வெறுப்பாகச் செருப்பை மாட்டினார்.

கடைக்காரர் வாயைத் திறந்ததுமே குட்டை உடைத்தார். "என்ன கேம் விளையாடுவீங்க சார்?"

பாவ்லினுக்கு இருமல் வந்தது. யாச்சிங்தான் காப்பாற்றினாள். "இவர் விளையாடவா? சேச்சே. வீட்டுக் கணக்கு பாப்பார்."

பிராசஸர் போன வருஷத்து மாடல். மதர்போர்டு சுமாரானது. பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது என்று பாவ்லின் கொஞ்சம் நல்லதாகவே எடுத்தார். பிறகு கண்ணாடி பதித்த, கலர் கலராக விளக்கு எரியும் கேபினெட்டைத் தடவிப் பார்த்தார்.

"விளக்கெல்லாம் எதுக்கு? கோயில் திருவிழாவா நடத்தப் போறோம்?" என்றாள் யாச்சிங். தகர டப்பா மாதிரி ஒன்று போதும் என்று முடிவானது. அதற்கும் அவள் பேரம் பேசிய பேச்சில் கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கையில் நல்ல மிச்சம் நின்றது.

இதுதான் சமயம் என்று பாவ்லின் அலமாரியில் ஒரு சின்ன அட்டையைக் காட்டினார். "ஒரு கிராபிக்ஸ் கார்டும் போட்டுடலாம்."

கேம் ஆடுகிறவர்கள் தேடி வாங்கும் சாமான் அது. கடைக்காரர் விழித்தார். "கணக்கு பாக்கவா சார்?"

"எழுத்து பளிச்சுன்னு தெரியும்," என்றார் பாவ்லின், கூரையைப் பார்த்தபடி.

"கண்ணுக்கு நல்லதுன்னா வாங்க வேண்டியதுதானே," என்றாள் யாச்சிங். "அது வேண்டாம். பக்கத்துல பெருசா ஒண்ணு இருக்கே, அதை எடுங்க. இன்னும் பளிச்சுன்னு தெரியுமில்ல? அப்புறம் மவுஸ் மட்டும் சின்னதா இருக்கட்டும். மேஜையில இடம் அடைக்காது."

பாவ்லினுக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. இப்படி ஒரு வெகுளி மனைவி யாருக்குக் கிடைப்பாள்!

சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து, கேம் இருந்த பழைய லேப்டாப்பின் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டினார். சும்மா சொல்லக் கூடாது, சுத்தமான வேலை. கடைசியில் கேபினெட் தலையில் ஒரு பச்சைப் பாக்கெட்டை வைத்தார்.

அது தேங்காய்ச் சுவைச் சோளப்பொரி. அதன் பெயருக்கே 'சமத்தா இரு' என்றுதான் அர்த்தம். அதை மேலே வைத்தால்தான் மெஷின் சொன்ன பேச்சு கேட்கும் என்பது ஊர் நம்பிக்கை. பச்சை நிறம் தவறக் கூடாது. காலாவதித் தேதியும் தாண்டக் கூடாது. பாவ்லினின் அலுவலகத்தில் சர்வர் மெஷின்களுக்கு மேல் பாக்கெட் மாற்றும் பொறுப்பே அவருடையதுதான். தேதி தாண்டியவற்றைத் தூக்கிப் போட மனம் வராமல் வீட்டு அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். ஆனால் இன்று வைத்தது புத்தம் புதுசு.

கை கழுவிவிட்டு வந்தார். பயபக்தியோடு பொத்தானை அமுக்கினார்.

ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை அமுக்கினார். ஒரு முனகல்கூட இல்லை.

"பாக்கெட்டைப் பாத்தீங்களா?" என்றாள் யாச்சிங், நகத்தைப் பார்த்துக்கொண்டே.

பார்த்தார். போன வருஷத் தேதி. பாவ்லினுக்கு வியர்த்துவிட்டது. "ஐயோ, மாத்தி எடுத்துட்டேன் போலிருக்கே! புதுசைக் காணோமே!"

"போட்டிக்கு... இல்ல, கணக்குக்கு நேரமாச்சே. ஓடிப் போய் வாங்கிட்டு வாங்க."

ஓடினார். முதல் கடையில் மஞ்சள் பாக்கெட்தான் இருந்தது. மஞ்சளை வைத்தால் ஓடுகிற மெஷினும் படுத்துவிடும். அடுத்த கடையில் சிவப்பு. ஆற்றங்கரைப் பக்கம் ஒரு கடையில் பச்சையைக் கண்டதும், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கை நிறைய அள்ளினார். மூச்சிரைக்க மாடி ஏறினார்.

உள்ளே துப்பாக்கிச் சத்தம்.

அவருடைய நாற்காலியில் யாச்சிங் உட்கார்ந்திருந்தாள். சின்ன மவுஸ் அவள் உள்ளங்கைக்கு அளவெடுத்தது போலிருந்தது. பக்கத்தில் அந்தப் புத்தம் புது பாக்கெட் பிரிந்து கிடந்தது. பாதியைத் தின்றிருந்தாள்.

"அண்ணி, இடது பக்கம்!" என்று ஸ்பீக்கரில் செங்யீ அலறினான். "அடிச்சீங்க பாருங்க! அவன் காலி!"

"பாக்கெட் இல்லாம எப்படி ஓடுது?" என்றார் பாவ்லின், தீனமாக.

"பின்னாடி பவர் சப்ளையில ஒரு ஸ்விட்ச் இருக்கு. நீங்க கை கழுவப் போனப்ப அணைச்சேன். பாக்கெட்டையும் மாத்தினேன். நீங்க வெளிய போனதும் ஸ்விட்சைப் போட்டேன், ஓடுது."

"செங்யீ, நான் வந்துட்டேன்டா!"

"பாவ்லின், கோவிச்சுக்காதே. நீ குப்பை கொட்டப் போற நேரத்துலதான் நமக்குப் புள்ளியே ஏறுது. அது ஏன்னு போன மாசம்தான் அண்ணி சொன்னாங்க. அவங்களே இருக்கட்டும்."

பாவ்லினுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் திரையில் எழுத்து நிஜமாகவே பளிச்சென்று தெரிந்தது. காவ்ஷியுங்காரர்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். தன் கையால் பூட்டிய மெஷின் ஒரு தடவைகூட உறையவில்லை. நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்தது.

"மூஞ்சியைத் தூக்காதீங்க," என்றாள் யாச்சிங், திரும்பாமலே. "ஜெயிச்சா வர்ற பரிசுல உங்களுக்கும் ஒண்ணு பூட்டிக்கலாம். ரெண்டு பேரும் சேர்ந்து ஆடுவோம்."

"நிஜமாவா?"

தெருவில் பாட்டுக் கேட்டது. குப்பை வண்டி!

பாவ்லின் பழக்க தோஷத்தில் இரண்டு கையிலும் குப்பைப் பைகளைத் தூக்கினார். யாச்சிங் ஒரு பச்சைப் பாக்கெட்டை எட்டி எடுத்து அவர் கக்கத்தில் செருகினாள்.

"மெஷின் சமத்தாத்தான் இருக்கு. இது உங்களுக்கு."

படி இறங்கும்போது பாவ்லின் வழக்கம்போலத் தேதியைப் பார்த்தார். அவர் சமத்தாக இருக்க இன்னும் பத்து மாதம் இருந்தது.