பீங்கான் யானைக்கு ஏழரைச் சனி

அந்தக் கோடையில் விருத்தாசலத்தில் வியர்க்காதவனை மனிதனாகவே யாரும் மதிக்கவில்லை.

காரணம் சென்சார் சாமி. முழுப் பெயர் ஸ்ரீலஸ்ரீ ஸ்வேதானந்த சுவாமிகள். ஜங்ஷன் பக்கத்துக் கல்யாண மண்டபத்தை ஏசியோடு பிடித்து உட்கார்ந்துவிட்டார். வாசலில் ஆளுயரப் பிளக்ஸ்: ‘உங்கள் வியர்வையில் உங்கள் விதி! விண்வெளி வீரர்கள் அணியும் அதே பட்டை!’ விண்வெளிக்குப் போய் யார் பார்த்தது? யாரும் போய்ப் பார்க்க முடியாது என்பதுதானே சாமிக்கு வசதி.

விளையாட்டு வீரர்கள் கையில் வியர்வைப் பட்டை ஒட்டிக்கொள்வது உண்மைதான். உடம்பிலிருந்து எவ்வளவு உப்பு போகிறது, எப்போது தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அது சொல்லும். பாவம், அதைச் செய்த விஞ்ஞானிகளுக்கு அதற்கு மேல் புத்தி எட்டவில்லை. நம் சாமியின் பட்டையோ சனி எந்த வீட்டில் இருக்கிறான், எப்போது காலி செய்வான் என்பதுவரை சொல்லிவிடும்.

முறை எளிது. முன்கையில் செம்புத் தீர்த்தத்தைத் தடவி, மேலே மஞ்சள் பட்டையை ஒட்டுவார். மஞ்சளாகவே இருந்தால் ஜெயம். சிவந்தால் சனி. முதல் தடவையில் ஒருவருக்குக்கூட மஞ்சளாக நின்றதில்லை. காணிக்கை வைத்துப் பரிகாரம் செய்துகொண்டால், இன்னொரு செம்பிலிருந்து வேறு தீர்த்தம் தடவிப் புதுப் பட்டை ஒட்டுவார். அது சமர்த்தாக மஞ்சளாகவே இருக்கும். ஏன் இரண்டு செம்பு என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை.

கம்மாபுரத்துக் கபடி அணி வேன் பிடித்து வந்தது. மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர், துபாயில் இருக்கும் மகனின் பனியனைத் துவைக்காமல் பார்சலில் வரவழைத்துக் கொண்டுவந்தார். நல்லூரில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்கு வழிந்த வியர்வையைக் கைக்குட்டையில் ஒற்றிக்கொண்டு பெண்வீட்டார் ஓடிவந்தார்கள். அந்தக் கைக்குட்டைக்கும் சனி.

இவர்களை விடுங்கள். ஓட்டப் பயிற்சியாளர் நந்தகுமார் படித்தவர். கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு, சாமி கொடுத்த எலுமிச்சம்பழத்தோடு மைதானத்துக்கு வர ஆரம்பித்தார். பயிற்சியின்போது தண்ணீர் குடித்தால் அதிர்ஷ்டம் நீர்த்துப்போகும் என்று சாமி சொல்ல, பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்களை அறையில் வைத்துப் பூட்டினார். உச்சி வெயிலில் ஓடிய பிரவீன்குமார் மயங்கி விழுந்தான். சனி வெளியே போகிறது, யாரும் கிட்டப் போகாதீர்கள் என்றார் நந்தகுமார். துர்காதான் ஓடிப்போய்க் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்துவந்து அவனை எழுப்பினாள்.

துர்கா எண்ணூறு மீட்டர் ஓடுபவள். அந்த மைதானத்தில் அவளை முந்த ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை கடலூரில் மாநிலப் போட்டிக்கான தேர்வு. அதற்காகத்தான் இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தாள். சாமி அவள் கையில் பட்டையை ஒட்டினார். இரத்தச் சிவப்பு. பட்டை மஞ்சளானால்தான் பெயர் அனுப்புவேன் என்று சொல்லிவிட்டார் நந்தகுமார்.

"சார், இது ஏசி ஹாலு. எனக்கு ஒரு சொட்டுகூட வேர்க்கல. வேர்வையே இல்லாம பட்டை எப்படி செவந்துச்சு?"

"அது உள்வியர்வைம்மா" என்றார் உடற்கல்வியில் பட்டம் வாங்கியவர்.

துர்காவின் அம்மா அமுதவள்ளி பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுகிறவர். பரிகாரத்துக்காகக் கம்மலைக் கழற்றப் போனார். துர்கா அந்தக் கையைப் பிடித்தாள்.

"கம்மலு காதுலயே இருக்கட்டும்மா. வேலையிலேர்ந்து வரும்போது ஒரு யானைய மட்டும் வாங்கிட்டு வா."

மறுநாள் துர்கா மண்டபத்துக்குள் நுழைந்தபோது தோளில் ஒரு குழந்தை. தலையோடு காலாகச் சால்வை சுற்றியிருந்தது. கூடவே ஒன்றும் புரியாமல் அமுதவள்ளி. உறவுக்காரப் பிள்ளை, காற்றுப் பட்டால் ஜன்னி வரும், மூடியபடியே பாருங்கள் சாமி என்றாள் துர்கா. சாமி சால்வையின் ஓரத்தை இரண்டு விரல் அகலம் மட்டும் விலக்கித் தீர்த்தம் தடவினார். பட்டையை ஒட்டினார். சிவந்தது.

"உடம்பு ஜில்லுனு இருக்குது. முத்துன சனி. இந்தப் புள்ள ஒரு வருஷத்துக்கு ஓடவே கூடாது."

"ஓடாதுங்க சாமி" என்று துர்கா சால்வையை உருவினாள். தும்பிக்கையைத் தூக்கியபடி வெள்ளைப் பீங்கான் யானை.

மண்டபம் கொல்லென்று சிரித்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. யானைக்கு என்ன நட்சத்திரம் என்று ஒருவர் அக்கறையாக விசாரித்தார். மண் பிசைந்தவனின் வியர்வை அதற்குள் இருக்கிறது என்று சாமி சமாளித்தார். ஆமாம் ஆமாம் என்று தலைகள் ஆடின. துர்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாமி முன்னாலிருந்த பூஜைத் தட்டிலிருந்து மஞ்சள்தூளை அள்ளி இரண்டு செம்பிலும் போட்டுக் கலக்கினாள். பரிகாரச் செம்பில் வெறும் மஞ்சள் தண்ணீர். மற்றதில் சிவப்பு.

அமுதவள்ளி எட்டிப் பார்த்தார்.

"அடியே, இது ஆரத்திடி. சுண்ணாம்புத் தண்ணி. இந்தக் கண்றாவியத்தான நான் வூட்டுல கலக்குறேன்."

அங்கே இருந்த அத்தனை பேர் வீட்டிலும் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கலக்கியதுதான். மஞ்சள் தடவிய காகிதத்தைப் பட்டை என்றதும் அத்தனை பேருக்கும் மறந்துபோனது.

அப்போதுதான் அந்த ஏசி மண்டபத்தில் முதன்முதலாக உண்மையான வியர்வை வந்தது, சாமியின் நெற்றியில். துர்கா ஒரு புதுப் பட்டையை எடுத்து அங்கேயே ஒட்டினாள். நன்றாக நனைந்தும் மஞ்சள் மாறவில்லை. "வேர்வைக்கு இது செவக்கவே செவக்காதுங்க" என்று சுற்றிலும் பார்த்துச் சொன்னாள்.

"பாத்தீங்களா, சாமிக்கு ஒரு தோஷமும் இல்ல" என்று ஒரு பக்தர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்த பக்தரை என்ன செய்வது? கூட்டத்தில் இருந்த கபடி அணிக்காவது உறைத்தது. பின்வாசல் வழியாக நழுவிய சாமியைத் துரத்திப் பிடித்து உட்காரவைத்தார்கள். போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது.

நந்தகுமார் தண்ணீர் பாட்டில்களைத் திருப்பிக் கொடுத்தார். பிரவீன்குமாரிடம் மன்னிப்புக் கேட்டார். கடலூருக்குத் துர்காவின் பெயரை அனுப்பினார். திருந்திவிட்டார் என்று சந்தோஷப்படுவதற்குள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"ஞாயித்துக்கெழம நாலரைக்கு ராகு காலம்மா. உன் ஓட்டமும் அந்த நேரத்துக்குத்தான் வருது. என்ன பண்றது?"

"ரெண்டே கால் நிமிஷந்தான் சார் ஓடுவேன். ராகு என்னப் புடிக்கணும்னா, அவரும் ஓடி வரட்டும்."

ஓடினால் வியர்க்கும். யோசித்தால் வியர்க்கக்கூடச் செய்யாது. ஒரே ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.